காணாமல் போன இருபத்தைந்து அடி காற்று

அத்தியாயம் 5

விஜயதசமியன்று பகல் ஒன்றரை மணிக்கு, எடிசன் ஓக் ட்ரீ ரோட்டின் பின்புறம், சேலைக்கடை குடோனுக்கும் டயர் கடைக்கும் நடுவே இருக்கும் திருமூர்த்தி என்ஜின் ஒர்க்ஸ் பட்டறையில் இருந்தவர்கள் பின்வருமாறு: முதலாளி திருமூர்த்தி. அவர் மனைவி புஷ்பவல்லி. மகன் ரஞ்சித்குமார். மகள் பிரீத்தி, பக்கத்தில் ஒரு சூட்கேஸோடு. மாப்பிள்ளை கவின், இவர் உள்ளே இல்லை, வெளியே பார்க்கிங்கில் தம் காருக்குள் இருந்தார், ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் வந்திருந்தவராகவே கொள்ளவேண்டும். பின்வாசல் அருகே, ஒரு பெயின்ட் வாளித் தண்ணீருக்குள், நேற்றைய ஆயுத பூஜைப் பிள்ளையார். இவர்களோடு, பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பறிவாளர் சுவாமிநாதனும் அவருடைய உதவியாளர் வள்ளியும்.

சுவாமிநாதன் முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதிலும் டை கட்டாமல் குப்பைத் தொட்டியைக்கூட வாசலில் கொண்டுபோய் வைக்கமாட்டார். ஃப்ரீவேயில் கார் ஓட்டுவதை மட்டும் கௌரவக் குறைச்சலாகக் கருதினார். பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அதனால் வள்ளி. வயது நாற்பத்தாறு. பல் டாக்டர் ஆபீசில் ரிசப்ஷனிஸ்ட். பிறரை வாய் திறக்கவைப்பதில் பதினெட்டு வருட அனுபவம். தன் வாயை மூடுவதில் அனுபவம் ஏதும் கிடையாது.

"விஷயம் வெளிய தெரியக்கூடாதுங்க சார்," என்றார் திருமூர்த்தி. நெற்றியில் விபூதி, உடம்பில் மூன்று பட்டன் கோட்டு. கோட்டுப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வரும் மெக்கானிக் நியூ ஜெர்சியிலேயே அவர் ஒருவர்தான். "நாலு பேருக்குத் தெரிஞ்சா எங்க குடும்ப மானம் என்னாகறதுங்க?"

"நாலு பேரா அங்கிள்?" வள்ளி போனைப் பார்த்தாள். "தமிழ்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல காலைல பத்து மணிக்கே வந்தாச்சு. முந்நூத்திப் பன்னெண்டு மெம்பர்ஸ். 'எடிசன் மாப்பிள்ளை வால்வை வித்துட்டு டெக்சாஸ் ஓடறார்.' அழுவுற மூஞ்சி பதினாலு, சிரிக்கிற மூஞ்சி நாப்பது."

திருமூர்த்தியின் முதுகு இன்னும் அரை அங்குலம் நிமிர்ந்தது. அவமானம் வந்தால் குனிகிறவர்கள் உண்டு. இவர் நிமிர்கிற ஜாதி. சுவாமிநாதனுக்கு அது பிடித்திருந்தது. அவரும் அதே ஜாதி.

வழக்கு இதுதான். பட்டறையின் நடுவே, பீரோவைப் படுக்கப்போட்டாற்போல் ஒரு பெட்டி. ஃப்ளோ பெஞ்ச் என்பார்கள். என்ஜினின் தலைப்பாகமான சிலிண்டர் ஹெட்டை அதன் மேல் உட்காரவைத்தால், பெட்டி கீழிருந்து காற்றை உறிஞ்சும். காற்று ஹெட்டின் பக்கவாட்டு வாய் வழியாக நுழைந்து, திறந்து பிடித்திருக்கும் வால்வைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று இறங்கியது என்று திரையில் நம்பர் வரும். நம்பர் ஏறினால் என்ஜின் நன்றாக மூச்சு விடும்; ரேஸ் கார்க்காரர்கள் தேடி வருவார்கள். பெட்டி, கவின் வாங்கிப் போட்டது. கோயம்புத்தூரில் இருபது வருடம், இங்கே இருபது வருடம் லேத் ஓட்டிய திருமூர்த்தி அதைக் 'காத்து நிறுக்கற பொட்டி' என்பார். அதன் பக்கம் போகமாட்டார்.

கவின் வால்வின் முதுகுப் பக்கத்தை எட்டு விதமாகச் செதுக்கி, எட்டு வால்வு செய்து பார்த்தார். ஏழாம் நம்பர் வால்வு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. புதன்கிழமை ஆயுத பூஜை. பெட்டிக்கும் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கும்பிட்டு, கதவைப் பூட்டினார்கள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு வீட்டின் மூத்த மகன் முதலில் தொட்டு ஓட்டவேண்டும் என்பது திருமூர்த்தியின் ஏற்பாடு. மூத்த மகன் ரஞ்சித்குமார் பேங்க் ஒன்றில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஓட்டினான்.

"டூ செவன்ட்டி ஒன் சார்." ரஞ்சித்குமார் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "இருபத்தஞ்சு அடி காத்தைக் காணோம். சாதா ஃபேக்டரி வால்வு செவ்வாய்க்கிழமை டூ செவன்ட்டி டூ. சோ, இப்ப உள்ள இருக்கறது டம்மி. பார்க்க ஏழு மாதிரியே இருக்கு, ஏழுன்னு பஞ்ச் கூட அடிச்சிருக்கு. முதுகுல ஒரு டிகிரி மாத்திச் செதுக்கினா கண்ணுக்கு எங்க தெரியும்? ஒரிஜினல் போயாச்சு. நடுவுல அலாரம் ஒரே ஒரு தடவை ஆஃப் ஆயிருக்கு. நேத்து சாயந்தரம் ஆறு பத்து. மச்சானோட கோட் நம்பர். டேட்டா பொய் சொல்லாது."

"அண்ணா, 'என் தங்கச்சி புருஷன் திருடன்'னு நேரா சொல்லிடேன்," என்றாள் பிரீத்தி. "பிரசன்டேஷன் எதுக்கு?"

"மாப்பிள்ளையை யாரும் திருடன்னு சொல்லலை சாமி," என்றார் திருமூர்த்தி மகளிடம். "வால்வு எங்கன்னுதான் கேட்டோம்."

மாப்பிள்ளையைத் திருடன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் சொல்ல நம் குடும்பங்களில் நூறு வழி உண்டு. காலையிலிருந்து திருமூர்த்தி அதில் அறுபதை உபயோகித்துவிட்டிருந்தார்.

நான்கு மணிக்குப் பென்சில்வேனியாவிலிருந்து லிண்டா என்கிற ரேஸ் டீம் முதலாளி வருகிறாள், இருநூற்றுத் தொண்ணூற்றாறைத் தன் கண்ணால் பார்க்க. ஆறே முக்காலுக்கு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஃப்ளைட். அதில் காலையில் கோபித்துக்கொண்டு போட்ட இரண்டு டிக்கெட், கவினுக்கும் பிரீத்திக்கும். நம்பர் திரும்பி வராவிட்டால் திருமூர்த்திக்கு இன்று மாப்பிள்ளையும் இல்லை, மகளும் இல்லை.

சுவாமிநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார். புஷ்பவல்லி ஒரு குச்சியோடு வாளிக்குள் குனிந்திருந்தார்.

"என்னம்மா பாக்கறீங்க?"

"காலைல இவரை வடக்க நகத்தி, போயிட்டு வாங்க சாமின்னு கும்பிட்டுத் தண்ணியில விட்டேனுங்க. அஞ்சு மணி நேரமாச்சு. கரையவே மாட்டேங்கறாரு. எங்கூர்ல மஞ்சப் பிள்ளையாரு அஞ்சே நிமிசத்துல கரைஞ்சு போயிருவாருங்க. இந்த ஊர்த் தண்ணியே சரியில்லை."

"க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் வெயிட் பண்றார் போல ஆன்ட்டி," என்றாள் வள்ளி.

சுவாமிநாதன் சிரிக்கவில்லை. "நேத்து சாயந்தரம் கவின் இங்க எதுக்கு வந்தார்னு தெரியுமா?"

"தெரியாம என்னங்க? சுண்டல் குண்டாவுக்கு. நாந்தான் அனுப்பிச்சேன். குண்டா பக்கத்து வீட்டு ஷ்ரேயாவோடது. திருப்பிக் குடுக்கணுமில்லீங்களா?"

"இதைக் காலைலேர்ந்து ஏன் சொல்லலை?"

"யாருங்க கேட்டாங்க? பிசினஸ் விசயத்துல பொம்பளைங்க வாயைத் திறக்கக்கூடாதுன்னு இவரு சொல்லிட்டாரு. குண்டா பிசினஸ்ல சேருமா சேராதான்னு எனக்குத் தெரியலீங்க."

வள்ளி தன் முதலாளியைப் பார்த்தாள். "கேஸ்ல பாதி குண்டாவுக்குள்ள இருந்திருக்கு சார்."

"மீதிப் பாதி கார்ல இருக்கு. வா."

கவின் காரின் கண்ணாடியை இரண்டு அங்குலம் மட்டும் இறக்கினார். முப்பத்து நான்கு வயது. நகக்கண்ணில் கழுவினாலும் போகாத கறுப்பு எண்ணெய்.

"உள்ள வந்து மெஷினை ஒரு தடவை நீங்களே பார்த்தா என்ன?" என்றார் சுவாமிநாதன்.

"வரமாட்டேன் சார். நான் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டு நம்பர் ஏறுச்சுன்னா, 'பாத்தியா, எடுத்ததைத் திரும்ப வெச்சுட்டான்'னுவாங்க. ஏறலைன்னா, 'பாத்தியா, நாங்க சொன்னோமில்ல'ம்பாங்க. ரெண்டுக்கும் பாத்தியாதான். பதினோரு மாசம் சார் அந்த வால்வு. எனக்கு வால்வு வேண்டாம். பேரோட போனாப் போதும்."

"முதுகைச் செதுக்கினா காத்து ஏன் கூடுது?"

பேச மாட்டேன் என்றவரைத் தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசிவிடுவார். அது இன்சூரன்ஸ் பாலபாடம். கண்ணாடி இன்னும் மூன்று அங்குலம் இறங்கியது.

"காத்துக்குக் கூர் ஓரம் ஆகாது சார். வளைவா வழி விட்டா ஒட்டிக்கிட்டே வழுக்கி வந்துரும். கூரா ஒரு மூலை எதிர்ல வந்துச்சுன்னா, முறைச்சுக்கிட்டு சுழி போட்டு அங்கயே நின்னுக்கும்."

"எங்க மாமியாரும் அப்படித்தான்," என்றாள் வள்ளி.

உள்ளே வந்ததும் சுவாமிநாதன் ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சாதா ஃபேக்டரி வால்வு இருக்கா?"

"அதை யாருங்க திருடப்போறாங்க? கிடக்குது." திருமூர்த்தி கோட்டைக் கழற்றாமலே குனிந்தார். லேசான ஸ்பிரிங்கை அமுக்கி, ஏழாம் நம்பரை உருவி, பழைய வால்வைச் சொருகி, எல்லாம் நான்கு நிமிடம். அவர் குனிந்தபோது கோட்டின் வலது பாக்கெட் மூடி விலகியதை சுவாமிநாதன் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்வையை உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓட்டுப்பா."

ரஞ்சித்குமார் ஓட்டினான். பெட்டி உறுமியது. திரையில் நம்பர் ஏறி, தயங்கி, நின்றது. இருநூற்று நாற்பத்தொன்பது.

"டூ செவன்ட்டி டூ வரணுமே!" ரஞ்சித்குமார் மறுபடி ஓட்டினான். மறுபடியும் நாற்பத்தொன்பது. டேட்டா பொய் சொல்லாது என்றவன் டேட்டாவைப் பொய்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"திருட ஆளில்லாத வால்வும் இளைச்சிருக்கு," என்றார் சுவாமிநாதன். "ஊர்ல அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல எடை குறைஞ்சா, ஆளுங்களை விசாரிக்கக்கூடாது. தராசை விசாரிக்கணும். ஏழாம் நம்பர் எங்கயும் போகலை. அது இந்த மேஜை மேலயே இருக்கு."

பிரீத்தியின் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. அது ஐந்து விநாடிகூட நிலைக்கவில்லை.

"அப்ப மச்சான் மெஷினையே கெடுத்துட்டாரா!" என்றான் ரஞ்சித்குமார்.

"கங்கிராட்ஸ் பிரீத்தி," என்றாள் வள்ளி. "உன் ஹஸ்பண்டுக்கு ப்ரமோஷன். திருடன்லேர்ந்து நாசக்காரன்."

"நம்பரை எடுத்துட்டு அவர்கிட்ட ஓடு வள்ளி," என்றார் சுவாமிநாதன். "ரெண்டு நம்பரையும் சொல்லு. வேற எதுவும் பேசாதே."

"ரெண்டாவதுதான் சார் கஷ்டம்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள். ஒரு நிமிடத்தில் அவள் போனிலிருந்து கவினின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சார், ரெண்டும் எட்டு பர்சென்ட் இறங்கியிருக்கு. ஹெட்டோட வாயைப் பாருங்க. காத்து நுழையற ஓரத்தைச் சுத்தி களிமண் வளையம் இருக்கா?"

சுவாமிநாதன் பார்த்தார். அலுமினிய வாய் பளிச்சென்று துடைக்கப்பட்டு, மேலே சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமுமாக மங்களகரமாக இருந்தது. களிமண் இல்லை.

"இல்லை."

"அதான் சார்! என்ஜின்ல அந்த வாய்க்கு முன்னாடி குழாய் இருக்கும். பெஞ்சுல குழாய் கிடையாது, கூர் ஓரம் வெட்டவெளியில நிக்கும். அதை மழுக்கத்தான் விரல் தடிமனுக்குக் களிமண்ணை உருட்டிச் சுத்தி ஒட்டுவேன். குழந்தைங்க விளையாடுற களிமண்தான். அது இல்லைன்னா நீங்க தங்கத்துல வால்வு செஞ்சு போட்டாலும் எட்டு பர்சென்ட் குறைஞ்சுதான் காட்டும். செவ்வாய்க்கிழமை ஒட்டினது அப்படியே இருந்துச்சு சார். சத்தியமா."

ரஞ்சித்குமார் லேப்டாப்பை மெதுவாக மூடினான். களிமண்ணுக்கு அவன் டேட்டாவில் கட்டம் கிடையாது.

"சரி," என்றார் திருமூர்த்தி. குரல் ஏனோ சற்று இறங்கியிருந்தது. "அந்த மண்ணை எவன் எடுத்தான்?"

சுவாமிநாதன் மகள் பக்கம் திரும்பினார். "பிரீத்தி, நேத்துப் பூஜை போட்டோ இருக்காம்மா?"

இருந்தது. வாழை இலை, பொரி, சுண்டல் குண்டா, நடுவில் பிள்ளையார். பெரிய எலுமிச்சம்பழம் இரண்டைச் சேர்த்தாற்போன்ற கொழுத்த பிள்ளையார்.

"ஒரு கிண்ணம் மஞ்சளாவது பிடிக்குமே இதுக்கு. மஞ்சள் யார் கொண்டு வந்தா?"

பிரீத்தி உதட்டைக் கடித்தாள். "நான்தான் அங்கிள் பேக் பண்ணினேன். நிச்சயமா பண்ணினேன். இங்க வந்து பார்த்தா பையில காணோம். யார்கிட்டயோ கொடுத்த மாதிரியும் இருக்கு, ஞாபகம் வரலை. அத்தை மாமா வேற திருப்பூர்லேர்ந்து வீடியோ கால்ல பார்த்துட்டு இருந்தாங்க. அப்பாதான், 'நீ போ சாமி, நான் பாத்துக்கறேன்'னார். வந்து பார்த்தா பிள்ளையார் ரெடி."

சுவாமிநாதன் வாளிக்கு நடந்தார். முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி, இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் சட்டைக் கையை மடித்து வள்ளி பார்ப்பது எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் அவளுக்குக்கூட ஜோக் வரவில்லை. பிள்ளையாரை வெளியே எடுத்து, பீடத்தின் அடியில் நகத்தால் மெல்லச் சுரண்டினார். மஞ்சள் தோல் உரிந்தது. உள்ளே சாம்பல் நிறம்.

"இவர் கரையமாட்டார்ம்மா. இது எண்ணெய்க் களிமண். இந்த ஊர்த் தண்ணி மேல பழி போடாதீங்க."

அந்த வீட்டில் பிள்ளையார் பிடிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திருமூர்த்தி மட்டும் நேரே பார்த்தார்.

"நாந்தானுங்க," என்றார். "மஞ்சளைக் காணோம்னு பொண்ணு கண்ணைக் கசக்கிட்டு நிக்கறா. சம்பந்தி வீடு போன்ல பாத்துட்டு இருக்குது. ஒரு மஞ்சப் பொடி எடுத்து வெக்கத் தெரியாத பொண்ணைக் குடுத்துட்டாங்கன்னு ஒரு சொல்லு வந்துரக்கூடாதுங்க. பொட்டியைத் தொடைக்கறப்ப வாயோரத்துல அழுக்காட்டம் ஏதோ அப்பியிருந்துச்சு. எடுத்துப் பிடிச்சேன். குங்குமச் சிமிழ்ல ஒரு சிட்டிகை மஞ்சள் இருந்துச்சு, மேல பூசினேன். அது மெஷினுக்கு வேணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

மாப்பிள்ளை வீட்டார் எதிரில் மகள் தலை குனியக்கூடாது என்பதற்காக ஒரு பிள்ளையார். அந்தப் பிள்ளையாரால் மாப்பிள்ளை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எதிரில் திருடன். குடும்ப மானத்தை இவ்வளவு சிரத்தையாகக் காப்பாற்றி இவ்வளவு சீக்கிரம் கப்பலேற்றியவரை சுவாமிநாதன் தம் சர்வீசில் பார்த்ததில்லை.

மணி மூன்று இருபது.

"நானே போய் அவர்கிட்ட சொல்லலாம்," என்றார் சுவாமிநாதன், குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னா அது ரிப்போர்ட். அவர் அதுக்காக காரை விட்டு இறங்கமாட்டார். நானா இருந்தாலும் இறங்கமாட்டேன்."

திருமூர்த்தி கோட்டின் மூன்று பட்டனையும் போட்டார். பிள்ளையாரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட பார்க்கிங்கைக் கடந்து போய், கார் கண்ணாடி அருகே நின்றார். குனியவில்லை, மனிதர் முன்னால் குனிந்து பழக்கமில்லை. கவின்தான் கதவைத் திறந்து நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது.

"மாப்ள. மண்ணை எடுத்தது நானுங்க. உங்க மேல சந்தேகப்பட்டதும் நான்தான். ரெண்டும் என் தப்பு."

கவின் அவரையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததாக வள்ளிக்குத் தோன்றியது. அவள் கணக்கில் ஐந்து விநாடி மௌனமே நெடுநேரம்.

"குறுக்க நிக்காதீங்க மாமா, நான் இறங்கணும்," என்றார் கவின். "அவரைக் கீழ வெச்சுராதீங்க. மண்ணு ஒட்டிக்கிச்சுன்னா வளையம் சரியா வராது."

உள்ளே ஒரு தடங்கல் வந்தது. பிள்ளையாரை உருட்டி வளையமாக்கலாமா? ரஞ்சித்குமார் கூகுளைத் தேடினான். திருமூர்த்தி கூரையைப் பார்த்தார்.

"காலைலயே வடக்க நகத்தி வழியனுப்பியாச்சு," என்றார் புஷ்பவல்லி. பிசினஸ் விஷயத்தில் அவர் வாய் திறந்தது நாற்பது வருடத்தில் அன்றுதான். "சாமி எப்பவோ போயிட்டாரு. இப்ப இது வெறும் மண்ணு. உருட்டுங்க."

திருமூர்த்தி உருட்டினார். கவின் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "ஓரத்துல இன்னும் கொஞ்சம் வளைவா மாமா. கட்டை விரலால இழுத்து விடுங்க. ம். அங்க ஒரு மேடு நிக்குது." நாற்பது வருடம் பிறருக்குச் சொல்லியே பழகியவர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மேட்டைத் தடவிச் சமன் செய்தார்.

லிண்டா நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே வந்தாள். ஏழாம் நம்பர் வால்வு உள்ளே இருந்தது. பெட்டி உறுமியது. நம்பர் ஏறி, எழுபத்தொன்றைத் தாண்டி, தொண்ணூறைத் தாண்டி, தொண்ணூற்றாறில் நின்றது. பிரீத்தி சூட்கேஸின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

அந்த வளையம் ஏன் மஞ்சளும் சாம்பலுமாக இருக்கிறது என்று லிண்டா கேட்டாள். தொழில் ரகசியம் என்று வள்ளி இங்கிலீஷில் சொன்னாள். அடுத்த வாரம் ஆறு என்ஜின் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு லிண்டா போனாள்.

"சாரி மச்சான்," என்றான் ரஞ்சித்குமார்.

"என்கிட்ட எதுக்கு ரஞ்சித்? அந்த குரூப்ல போடு. முந்நூத்திப் பன்னெண்டு பேரும் பாக்கட்டும்."

போட்டான். கவின் எதிரிலேயே, பெயர் போட்டு, தப்பு தன்னுடையது என்று. சிரிக்கிற மூஞ்சி இந்தத் தடவை அறுபது வந்தது. ஆனால் எல்லாம் ரஞ்சித்குமாருக்கு. ஆறே முக்கால் ஃப்ளைட் இரண்டு காலி சீட்டோடு ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தது.

திரும்பும் வழியில் வள்ளி கேட்டாள். "எல்லாம் சரி சார். அந்த மஞ்சள் எங்கதான் போச்சு?"

சுவாமிநாதன் மடித்த சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். "அது க்ளெய்ம்ல இல்லை. ரோட்டைப் பாத்து ஓட்டு."

திருமூர்த்தியின் மகள் ஆயுத பூஜைக்கு மஞ்சள் எடுத்துவர மறந்துவிட்டாள், எல்லா வினையும் அதனால்தான் என்று ஓக் ட்ரீ ரோட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பிரீத்தி மறக்கவில்லை. காரை விட்டு இறங்கும்போதே மஞ்சள் பாக்கெட்டைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பூஜை முடியும்வரையிலும், மறுநாள் முழுவதும், அது திருமூர்த்தியின் கோட்டு வலது பாக்கெட்டில் இருந்தது.